எறும்பும் இல்லமும்

மாலையில் பள்ளி விட்டு வீடு திரும்புகின்றீர்கள். பசி மிகுதி. அன்னையார் காலையில் செய்து வைத்த அதிரசம் நினைவுக்கு வருகின்றது. அடுக்களைக்குள் விரைந்து சென்று தட்டின் மூடியைத் திறக்கின்றீர்கள். அந்தோ! அழையாத விருந்தினர் ஆயிரவர் உங்களுக்கு முன்பே அங்கு வந்து பந்தியில் அமர்ந்திருக்கின்றனர். தட்டிலிருந்து மேடை வழியாகச் சுவர் வரைக்கும், சுவரிலிருந்து சன்னலின் கீழ்ச்சந்து வரைக்கும், மை கொண்டு இழுத்த கோடு போல எறும்புச் சாரை ஊர்ந்துகொண்டிருக்கின்றது. உடனே கையில் அகப்பட்ட துணியால் அவற்றைத் துடைத்துக் கொல்லுகின்றீர்கள். மறுநாள் மாலையிலும் அதே இடத்தில் அதே சாரை!

கொன்றவை அத்தனை, வருபவை இத்தனை. ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? பண்டம் அங்கே இருப்பதை எறும்பு எவ்வாறு அறிந்தது? ஒன்று அறிந்ததை ஓராயிரம் எறும்புக்கு அறிவித்தது யார்? இவ்வினாக்களுக்கு விடை தெரியாதவன் எறும்போடு நாள்தோறும் போர் செய்வான்; நாள்தோறும் தோற்பான். விடை தெரிந்தவனுக்குப் போர் செய்யும் தேவையே பெரும்பாலும் இராது.

உயிர்களை அவற்றின் அறிவு வகையால் ஆறு பிரிவாகப் பகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். உடம்பால் தொட்டு அறிவது ஓரறிவு. அதனோடு நாவால் சுவைத்து அறிவது ஈரறிவு. அவ்விரண்டோடு மூக்கால் முகர்ந்து அறிவது மூவறிவு. இம்மூவறிவு உயிர்களின் வரிசையிலேயே எறும்பையும் சிதலையும் அவர் வைத்தார். சிதல் என்பது கறையான். எறும்புக்குக் கண்ணும் உண்டு என்பதை இக்கால அறிவியல் நமக்குக் காட்டுகின்றது. ஆயினும், இருளிலும் சந்திலும் வாழும் வீட்டெறும்பு கண்ணை நம்புவதினும் மிகுதியாகத் தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்னும் மூன்றையே நம்பி வாழ்கின்றது. இம்மூன்றையும் நாம் அறிந்துகொண்டால், எறும்பைத் தடுக்கும் வழியும் மூன்றாகப் புலப்படும். அவ்வழிகளை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் எறும்பின் இயல்பைக் காண்போம். எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவினம். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளாக இவ்வினம் உலகில் வாழ்ந்து வருகின்றது. அறிஞர் இதுவரை பெயரிட்டு வகுத்த எறும்பு வகைகள் 14,000-க்கும் மேற்பட்டவை. எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி உடையது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே நூல் போன்ற இடை உண்டு. தலையில் இரண்டு உணர்கொம்புகள் உள்ளன. அவை நம் முழங்கை போல இடையில் மடிந்திருக்கும். எறும்பு தொட்டு அறிவதும் முகர்ந்து அறிவதும் பெரிதும் இக்கொம்புகளாலேயே.

எறும்பு தனித்து வாழ்வதில்லை. அதன் கூடு ஒரு சிற்றூர். அங்கே முட்டையிடும் அரசி இருக்கும். சில வகைகளில் அரசி ஒன்றே. சில வகைகளில் அரசியர் பலர். நாம் வெளியே காணும் எறும்புகள் யாவும் பெண்பாலைச் சேர்ந்த பணியெறும்புகள். கூட்டைக் காப்பதும், குஞ்சுகளை வளர்ப்பதும், இரை தேடுவதும் அவற்றின் கடமை. மழைக்கு முன்னே எறும்புகள் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறுவதாக நாம் கூறுகின்றோம். அவை சுமந்து செல்லும் வெள்ளை மணிகளுள் பெரும்பாலானவை முட்டைகள் அல்ல. முட்டையினின்று வெளிப்பட்ட புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. முட்டை கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது.

பணியெறும்பு சில மாதங்களில் இறந்துபடும். அரசியோ நெடுநாள் வாழும். ஐரோப்பிய நாட்டுக் கருந்தோட்டத்து எறும்பின் அரசி ஒன்று ஆய்வாளர் வளர்ப்பில் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. இதனை நினைவில் வையுங்கள். அடுக்களையில் நாம் காணும் சாரை கூட்டின் ஒரு சிறு பகுதியே. ஆயிரம் பணியெறும்பைத் துடைத்துக் கொன்றாலும், உள்ளே அரசி முட்டையிட்டுக்கொண்டே இருக்கின்றாள். நம் துணியின் வீரம் சுவருக்கு இப்பால் மட்டுமே செல்லும்.

எறும்பைத் தடுக்கப் புகுமுன், வந்திருப்பது எறும்புதானா என்று தெளிதல் வேண்டும். இதனை நான் பெரும் இழப்பின் வாயிலாகக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் தம் முதுமையில் தம்முடைய நூல்களை என்னிடம் ஒப்படைத்தார். அவற்றின் ஓரங்களில் அவர் நாற்பது ஆண்டுகளாக எழுதிவந்த நுண்ணிய குறிப்புகள் இருந்தன. அந்நூல்களை மர அலமாரி ஒன்றில் அடுக்கிச் சுவரோரம் வைத்தேன். ஒருநாள் சுவர் மூலையில் சிறிது ஈரமண் குவிந்திருப்பதைக் கண்டேன். எறும்பு தோண்டிய மண் என்று எண்ணி, அலமாரியின் நான்கு கால்களையும் நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தினேன். என் அறிவுடைமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தது எறும்பு அன்று, கறையான். அது தரை வழியே கால் ஏறி வரவில்லை. சுவரின்மேல் மண்ணால் குழாய் கட்டி, அதனுள் மறைந்து ஏறி, சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த அலமாரியின் முதுகுப்பலகையைத் துளைத்து உட்புகுந்தது. சில மாதங்கள் சென்றபின் ஒரு நூலை எடுத்தேன். அட்டை மட்டுமே கையில் வந்தது; உள்ளே இருந்தது மண். அச்சிட்ட நூலை மீண்டும் விலைக்கு வாங்கலாம். என் ஆசிரியரின் கைக்குறிப்பை எந்தக் கடையில் வாங்குவது? கிண்ணத்து நீர் மட்டும் ஒரு துளியும் குறையாமல் நிரம்பியிருந்தது. அதனை நாள்தோறும் நானே நிரப்பி வந்தேன்!

கறையானை வெள்ளெறும்பு என்றும் கூறுவர். பெயர் அவ்வாறு இருப்பினும் அது எறும்பினம் அன்று. கரப்பான் பூச்சிக்கு உறவினம். எறும்புக்கு இடை மெலிந்திருக்கும். கறையானுக்கு இடையே இல்லை. எறும்பின் கொம்பு மடிந்திருக்கும். கறையானின் கொம்பு மணி கோத்த நூல் போல நேராக இருக்கும். மழை பெய்தபின் விளக்கைச் சூழும் ஈசல், சிறகு முளைத்த கறையானே. அதன் நான்கு சிறகும் ஒரே நீளம் உடையவை. சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு நீண்டும் பின்சிறகு குறுகியும் இருக்கும். எறும்பு வெளிச்சத்திலும் வெளிப்படையாக நடமாடும். கறையான் மண்குழாய்க்குள் மறைந்தே செல்லும். சுவரில் மண்குழாய் கண்டால், எறும்புக்குரிய முறைகளைக் கொண்டு காலம் போக்காமல் வீட்டுப் பெரியோரிடம் உடனே கூறுங்கள்.

இனி, நம் இல்லங்களுக்கு வரும் எறும்பு வகைகளைக் காண்போம். கடிக்காத சிறிய கறுப்பெறும்புகளைப் பிள்ளையார் எறும்பு என்றும் சாமி எறும்பு என்றும் அழைப்பது நம் நாட்டு வழக்கு. இவற்றுள் ஒருவகை நீண்ட கால்களோடு, வழி தவறியவர் போல அங்கும் இங்கும் விரைந்து ஓடும். மற்றொரு வகை மிகச் சிறியது. இதன் தலை கறுத்தும் வயிறும் கால்களும் வெளிறியும் இருப்பதால், வெண்ணிறத் தரையில் செல்லும்போது தலை மட்டுமே நகர்வதுபோலத் தோன்றும். இது இனிப்பை மிகவும் விரும்பும்.

மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய சிற்றெறும்பு வேறொன்று உண்டு. இதன் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். எகிப்திய மன்னரின் பெயரால் இதனைப் பாரோ எறும்பு என வழங்குவர். சுவர் வெடிப்பு, மின்பெட்டி, மரச்சட்டத்தின் துளை ஆகியவற்றில் இது குடிபுகும். இதன் கூட்டில் அரசியர் பலர் இருப்பர். மருத்துவமனைகளில் இவ்வெறும்பு நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை ஒன்று எடுத்துக் காட்டியது. ஆதலின், உருவிற் சிறியது என்று இதனை எளிதாக எண்ணலாகாது.

செவ்வெறும்பு மண்ணில் கூடு கட்டுவது. தோட்டத்திலும் திண்ணையின் அடியிலும் பொடிமண்ணைக் குவித்து வாழும். ஒரே கூட்டில் சிறியனவும் பெரிய தலை உடையனவும் கலந்திருக்கும். எண்ணெய்ப் பண்டம், தானியம், இறைச்சி ஆகியவற்றை நாடி வீட்டுக்குள் வரும். கொட்டினால் நெருப்புப் பட்டதுபோல எரியும். கட்டெறும்பு கறுத்துப் பருத்தது. பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் இரை தேடும். இதற்குக் கொடுக்கு இல்லை, தாடையால் கடிக்கும். முசுறு எனவும் முயிறு எனவும் வழங்கும் சிவந்த எறும்பு, மாமரம் போன்ற மரங்களில் இலைகளை இணைத்துத் தைத்துக் கூடு கட்டுவது. மரக்கிளை கூரையைத் தொட்டால் அன்றி அது வீட்டுக்குள் வருவது அரிது. கிளையை வெட்டிவிட்டால் அதன் பாலத்தை அகற்றியவர் ஆவோம்.

எறும்பின் வகை தெரியவில்லையாயின், அதன் விருப்பத்தையாவது அறிந்துகொள்ளலாம். ஒரு தாளின் ஒரு மூலையில் சர்க்கரைப்பாகு ஒரு துளியும், மறு மூலையில் வேர்க்கடலைத் தூள் சிறிதும் வைத்து, சாரையின் அருகில் இடுங்கள். அரைமணி நேரத்தில் அவை எதனை மொய்க்கின்றன என்று பாருங்கள். எதனை நாடி வந்தன என்பது விளங்கும். இச்சிறு சோதனையின் பயனைப் பின்னர்க் காண்பீர்கள்.

இப்போது முகர்தல் என்னும் அறிவை எடுத்துக்கொள்வோம். இரை தேடிப் புறப்பட்ட பணியெறும்பு முதலில் அங்குமிங்கும் அலையும். இரையைக் கண்டதும், வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒருவகை மணப்பொருளைப் பூசிக்கொண்டே கூடு திரும்பும். மற்றவை அம்மணத்தைப் பற்றிக்கொண்டு இரை இருக்குமிடம் சேரும். அவையும் திரும்புகையில் மணத்தைப் பூசும். செல்வோர் மிகுதியாக மிகுதியாகப் பாதையின் மணமும் மிகும். இரை தீர்ந்தபின் வெறுங்கையோடு திரும்புபவை மணத்தைப் பூசா. சில வகைகளில் சில நிமிடங்களில் மணம் மறையும்; வேறு சிலவற்றில் நாட்கணக்கில் நிற்கும்.

அமெரிக்க நாட்டு அறிஞர் எட்வர்டு வில்சன் 1959-ஆம் ஆண்டில் இதனை ஆய்ந்து வெளியிட்டார். நெருப்பெறும்பின் வயிற்றில் உள்ள மிகச்சிறிய சுரப்பி ஒன்றை எடுத்து நசுக்கி, அதனால் கண்ணாடியின்மேல் ஒரு கோடு இழுத்தார். எறும்புகள் கூட்டினின்று வெளிப்பட்டு அவர் இழுத்த கோட்டின் வழியே சென்றன! அங்கே இரை ஒன்றும் இல்லை. மணம் மட்டுமே இருந்தது. அடுக்களைச் சுவரில் நாம் காணும் சாரை, நம் கண்ணுக்குத் தெரியாத அத்தகைய கோட்டின்மேல் நடப்பதே.

எறும்பை உலர்ந்த துணியால் துடைத்தால் எறும்பு போகும், கோடு போகாது. அதனாலேயே மறுநாளும் அவ்வழியே சாரை வருகின்றது. சாரையைக் கண்டவுடன் முதலில் அதனைப் பின்தொடர்ந்து, எந்தச் சந்தின் வழியாக வருகின்றது என்று அறிதல் வேண்டும். பின்னர்ப் பண்டத்தை அகற்றி, பாதை முழுவதையும் சவர்க்காரம் கரைத்த நீரால் நன்கு துடைத்தல் வேண்டும். மணம் நீங்கும், வழி அழியும். மஞ்சள் தூளாலும் சுண்ணாம்பாலும் கோடு போடுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். அது பாதையைச் சிறிது நேரம் குலைக்கும். கூட்டை ஒன்றும் செய்யாது. தூள் கலைந்தால் சாரை மீளும்.

அடுத்தது தொடுதல். எறும்பு பறந்து வருவதில்லை. ஒன்றைத் தொட்டு ஊர்ந்தே வருகின்றது. தொடர்ச்சியை அறுத்துவிட்டால் அதன் பயணமும் அறும். அகன்ற தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே பண்டப் பாத்திரத்தை வைக்கும் முறையை நம் மூதாட்டியர் நன்கு அறிந்திருந்தனர். அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவதும் அத்தகையதே. ஆயினும், அலமாரி சுவரைத் தொடலாகாது. திரைச்சீலையும் கயிறும் அதன்மேல் படியலாகாது. நீரில் தூசி படிந்தால் அத்தூசியே பாலமாகும். கொசு முட்டையிடாதபடி நீரை அடிக்கடி மாற்றவும் வேண்டும். சாரை வரும் சந்தைச் சிமிட்டியாலோ வெள்ளைச் சுண்ணச் சாந்தாலோ அடைத்தல் இவையனைத்தினும் நிலைத்த பயன் தருவது. ஒருமுறை அடைத்த சந்து பல ஆண்டு காவல் செய்யும்.

மூன்றாவது சுவை. எறும்பு நம் வீட்டைத் தேடி வருவதற்குக் காரணம் பகை அன்று. உணவும் நீரும் இருப்பிடமுமே. மாரிக்காலத்தில் கூட்டில் நீர் புகும்போது உலர்ந்த இடம் தேடி வரும். கோடையில் குழாயடி ஈரத்தை நாடி வரும். சிந்திய சர்க்கரை ஒரு சிட்டிகை நமக்கு ஒன்றும் இல்லை. எறும்பூருக்கு அது அறுவடைக் களம். சர்க்கரையையும் வெல்லத்தையும் இறுக மூடும் பாத்திரத்தில் வைத்தல், உண்ட இடத்தை உடனே துடைத்தல், எச்சிற் கலங்களை இரவு முழுதும் கிடக்க விடாமை, குப்பைக் கூடையை நாள்தோறும் கொட்டிக் கழுவுதல், ஒழுகும் குழாயைச் செப்பனிடுதல் ஆகிய இவ்வைந்தும் எந்த நஞ்சினும் வலியவை. இவை செய்யாத வீட்டில் வேறு எது செய்தும் பயனில்லை.

இவ்வளவும் செய்த பின்னும் சாரை ஓயவில்லையாயின், கூடு சுவருக்குள்ளேயே இருத்தல் கூடும். அப்போது எறும்பின் சுவையுணர்வையே கருவியாகக் கொள்ளும் முறை ஒன்று உண்டு. பணியெறும்பு உண்ட நீருணவு முழுவதும் அதற்கே உரியதன்று. அதன் வயிற்றில் தனிப்பை ஒன்று உண்டு. அதில் உணவைத் தேக்கிச் சென்று, கூட்டில் உள்ள மற்றவற்றுக்கும் அரசிக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டும். அதனை ஊர்ப்பொது வயிறு என்றே கூறலாம். சர்க்கரை நீரில் மிகச் சிறிதளவு நஞ்சு கலந்து வைத்தால், எறும்பே அதனைச் சுமந்து அரசியிடம் சேர்க்கும்.

இதற்குப் பயன்படுவது போரிக் அமிலம். கேரம் பலகையில் தூவும் வெண்தூளாகப் பலர் இதனைக் கண்டிருப்பீர்கள். தண்ணீர் 90 பங்கு, சர்க்கரை 10 பங்கு, போரிக் அமிலம் 1 பங்கு என்னும் அளவில் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு மூடிக்குள் வைப்பர். நஞ்சை மிகுத்தால் விரைவில் பயன் கிட்டும் என்று எண்ணுவது பிழை. மிகுந்த நஞ்சை உண்ட எறும்பு வழியிலேயே இறக்கும். அரசிக்கு ஒன்றும் சென்று சேராது. முதல் இரண்டு நாள் எறும்பு முன்னினும் மிகுதியாக மொய்க்கும். அப்போது அவற்றைக் கொல்லலாகாது. முழுப் பயன் காணச் சில வாரங்கள் ஆகலாம். முன்னர்க் கூறிய தாள் சோதனை இங்கே பயன்படும். வேர்க்கடலையை மொய்த்த எறும்புக்குச் சர்க்கரை நீரை வைத்தால் அது திரும்பியும் பாராது. அதற்கு அது விரும்பும் உணவில் கலந்தே வைத்தல் வேண்டும்.

மாணவர்களே, இதனைக் கலப்பதும் வைப்பதும் பெரியோர் கடமை. உங்கள் கடமை அன்று. போரிக் அமிலம் எறும்புக்கு மட்டும் நஞ்சன்று. குழந்தைக்கும் நாய், பூனைக்கும் தீங்கு செய்வது. குழந்தையின் கை எட்டாத இடத்தில், உணவுப் பொருளுக்கு அப்பால், பெயர் எழுதி வைத்தல் வேண்டும்.

தெளிக்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். பாரோ எறும்பின் சாரைமேல் மருந்து தெளித்தால், அதன் கூடு அஞ்சிப் பலவாகப் பிரியும். ஒரு மூலையில் இருந்த எறும்பு நான்கு அறைக்கும் பரவும். விரைந்து செய்த செயல் நோயைப் பெருக்கியதாக முடியும். எறும்பைத் தடுக்கக் கோடு போடும் சுண்ணக்கட்டி கடைகளில் விற்கப்படுகின்றது. அது பள்ளியில் எழுதும் சுண்ணக்கட்டியைப் போலவே தோன்றும். ஆனால் பூச்சிக்கொல்லி நஞ்சு கலந்தது. அதனைக் கண்ட சிறு குழந்தை எழுதுகோல் என்று எண்ணி எடுக்கும், வாயிலும் வைக்கும். உங்கள் வீட்டில் அத்தகைய கட்டி கீழே கிடக்கக் கண்டால், உடனே பெரியோரிடம் கூறி உயரத்தில் வைக்கச் செய்யுங்கள். மண்ணெண்ணெயைப் புற்றில் ஊற்றித் தீயிடுவது மடமை. வீடே பற்றி எரியும்.

என் இளமைக் காலத்தில் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிப் பொடியை மக்கள் தயங்காது தூவி வந்தனர். அது மண்ணிலும் நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் அழியாது தங்குவது பின்னர்த் தெளிவாயிற்று. 1997-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் அது தடை செய்யப்பட்டது. நேற்று நன்று என்று கொண்டது இன்று நஞ்சு என்று அறியப்படலாம். ஆதலின், நஞ்சைக் கடைசி வழியாகவே கொள்ளுதல் அறிவுடைமை.

செவ்வெறும்பு கொட்டிவிட்டால் என்ன செய்வது? அவ்விடத்தைச் சவர்க்கார நீரால் கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க வேண்டும். சொறிந்தால் புண்ணாகும். முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியன தோன்றினால் ஒரு கணமும் தாழ்க்காமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். எறும்பின் கடியில் பார்மிக் அமிலம் உண்டு என்பர். கட்டெறும்புக்கு அது பொருந்தும். 1671-ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் எறும்புகளிலிருந்தே அவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தார். செவ்வெறும்பின் நஞ்சோ வேறு வகையது.

இல்லத்துக்கு வெளியேயும் எறும்பால் இடர் நேர்வதுண்டு. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலையின் அடிவாரச் சிற்றூர்களில் மஞ்சள் நிற எறும்புகள் அளவின்றிப் பெருகின. அமிலத்தைப் பீய்ச்சும் அவ்வெறும்புகளால் உழவரும் கால்நடைகளும் துன்புற்றனர். நீண்ட கால்களோடு தாறுமாறாக ஓடும் அவ்வினத்தை மஞ்சள் பித்தெறும்பு எனலாம். உலகின் மிகக் கொடிய அயல்வரவு உயிர்கள் நூற்றின் பட்டியலில் அதுவும் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் அதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளை அழித்தது. அங்கே அவ்வெறும்பு செதிற்பூச்சி என்னும் சிறு பூச்சி சுரக்கும் இனிய நீரை உண்டு பெருகுவதை அறிஞர் கண்டனர். 2016-ஆம் ஆண்டு திசம்பரில், அப்பூச்சியை அழிக்கும் நுண்குளவியை மலேசிய நாட்டிலிருந்து கொணர்ந்து விட்டனர். எறும்பைக் கொல்வதைக் காட்டிலும் அதன் உணவை அறுப்பதே நல்வழி என்று அவர்கள் தேர்ந்தனர். தீவுக்கு உரிய அறிவும் நம் அடுக்களைக்கு உரிய அறிவும் ஒன்றாகவே இருத்தலைக் காணுங்கள்.

எறும்பு முற்றும் அழிக்கத்தக்க பகை அன்று. அது மண்ணைத் துளைத்து வேருக்குக் காற்றும் நீரும் செல்ல வழி செய்கின்றது. விதைகளைச் சுமந்து பரப்புகின்றது. கறையானையும் பயிர்ப்பூச்சிகளையும் உண்கின்றது. சீன நாட்டார் பல நூற்றாண்டுகளாக முசுறின் கூடுகளைக் கிச்சிலி மரங்களில் வைத்துப் பயிரைக் காத்து வந்துள்ளனர். நம் நாட்டில் எறும்பின் பெயரால் ஊரே உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு எறும்பீசர் என்பது பெயர்.

நம் மூதாட்டியர் விடியற்காலையில் வாயிலில் நீர் தெளித்து அரிசி மாவால் கோலமிட்டனர். அம்மாவை எறும்பு உண்ணும் என்பதை அவர்கள் அறிவர். உண்ணட்டும் என்றே இட்டனர். அதே மூதாட்டியர்தாம் அடுக்களையில் வெல்லப் பானையை நீர்த்தட்டின் நடுவே வைத்தனர். வாயிலில் ஈகை, உள்ளே காவல். இரண்டும் ஒரே கையின் செயல்களே. எல்லை எதுவென்று அறிந்து, அவ்வெல்லைக்கு அப்பால் எறும்பை வாழவிடுவதும், இப்பால் வராமல் காப்பதும் அறிவுடையோர் நெறி.

நாளை உங்கள் அடுக்களையில் சாரை ஒன்றைக் கண்டால், கையில் துணியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எந்த இனம் என்று பாருங்கள். எங்கிருந்து வருகின்றது, எதனை நாடுகின்றது என்று பாருங்கள். நான் அன்று ஐந்து நிமிடம் நின்று அந்த ஈரமண்ணை உற்றுப் பார்த்திருப்பேனாயின், என் ஆசிரியரின் கையெழுத்து இன்றும் என் கண்முன் இருந்திருக்கும்.